தும்யாத்தில் ஒரு ‘இருக்கட்டும்’, மன்சூராவில் ஒரு ‘இருக்கட்டும்’

என் கண்ணு ரஃபத்துக்கு,

அல்லாஹ்வின் கருணையும் சாந்தியும் உனக்கு உண்டாகட்டும். இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய இடது முழங்காலும் சுகம். முழங்கால் மட்டும் நான்காவது மாடி ஏறும்போது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி புலம்புகிறது. நீயும் போன தடவை போனில் கேட்ட அந்த இருமலும் ஒருவழியாகப் பிரிந்துவிட்டீர்கள் என்ற நல்ல சேதிக்காகக் காத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசி முடித்துவிடுகிறார், கடைசியில் மிலான் வரைக்கும் கேட்பது எங்கள் சண்டைதான். பக்கத்து வீட்டுத் தஹானியின் மகன் மித்ஹத் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு டின் நம்மூர் வெள்ளைச் சீஸையும் கொடுத்தனுப்புகிறேன். உன் அப்பா கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள்.

நீ கேட்டதை நான் மறக்கவில்லை. சேர்த்து வைத்திருக்கிற பணத்தோடு ஊருக்கு வந்து ஒரு பீட்சா கடை போடலாமா, போட்டால் தும்யாத்திலா மன்சூராவிலா, எந்த ஊருக்கு இனிமேல் எதிர்காலம் இருக்கிறது என்று நல்லா பார்த்துச் சொல்லுங்க, ரெண்டும் சரிப்படாது என்றால் ரமலானுக்கு முன்னால் இங்கேயே இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய், ஆனால் எந்த வீட்டில் கேட்டாய் என்று யோசித்தாயா? உன் அப்பா தும்யாத், நான் மன்சூரா, கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு ஊரும் ஒரே கூரையின் கீழ் முறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு உன் வஹீத் மாமா நீ கேட்டதைக் கேள்விப்பட்டு அடுத்த வெள்ளிக்கிழமையே மன்சூராவிலிருந்து வந்து இறங்கிவிட்டான். வெங்காயம் திணித்த வாத்தை மேசையில் வைத்ததுதான் தாமதம், ஆரம்பித்துவிட்டான். “மச்சான், நைல் எங்க ஊரைத் தாண்டித்தான் உங்க ஊருக்கு வருது. நாங்க குளிச்ச தண்ணியிலதான் நீங்க டீ போட்டுக் குடிக்கிறீங்க, ஞாபகம் இருக்கட்டும்” என்றான். உன் அப்பா விடுவாரா? “உங்க ஊர்ல அது நிக்கவே மாட்டேங்குதே மச்சான், ஒரே ஓட்டமா ஓடி வந்து எங்க பக்கத்துலதானே கடலைப் பார்க்குது. எங்க போனா முன்னேறலாம்னு ஆத்துக்கே தெரிஞ்சிருக்கு” என்றார்.

அப்புறம் பொருளாதாரம் பேசினார்கள். நீ இத்தாலியில் ஏதோ புள்ளிவிவரம் பார்ப்பாய், இவர்கள் பேசியதைக் கேள். வஹீத் மருத்துவ மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்து விற்கிறவன் அல்லவா, அவன் கணக்கு என்னவென்றால், “பசங்க ஃபெயிலாகுற வரைக்கும் மன்சூராவுக்கு அழிவே கிடையாது. பாஸானவன் ஒரு கோட்டோட போயிடுவான். ஃபெயிலானவன் வருஷா வருஷம் வருவான்.” உன் அப்பா, கல்யாண வீட்டுக்குக் கட்டில் மேசை செய்தே பிழைக்கிற ஊரில் சோபாவுக்கு ஸ்பாஞ்சு விற்கிறவர், அவர், “ஜனங்க கல்யாணம் பண்ணிக்கிற வரைக்கும் தும்யாத்துக்கு அழிவு கிடையாது” என்றார். வஹீத் சிரித்தான். “எங்க மச்சான், இப்ப வர்ற பொண்ணுங்க சாப்பாட்டு மேசையே வேணாம்னு சொல்றாங்களாமே, உங்க தெரு முழுக்க மேசையா அடுக்கி வச்சிருக்கீங்க, நான் பார்த்துட்டுத்தான் வர்றேன்.” உண்மைதான், விலைவாசி ஏறினதிலிருந்து முதலில் கழற்றி விடுவது சாப்பாட்டு மேசையைத்தான். உன் அப்பா கொஞ்சம் யோசித்தார், வாத்தின் காலை ஒரு கடி கடித்தார், பிறகு, “அதுவும் நல்லதுக்குத்தான். மேசை இல்லேன்னா சோபாவுல உக்காந்துதான் திம்பாங்க. குழம்பு கொட்டும். ஸ்பாஞ்சு நாறும். எங்கிட்டதானே வரணும்” என்றார். இந்த இரண்டு பேரையும் மந்திரியாக்கினால் எகிப்து முழுக்க ஃபெயிலாகி, குழம்பு கொட்டின சோபாவில் உட்கார்ந்திருக்கும். நான் வாத்து எலும்பைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் உன் இத்தாலிக்காரக் கூட்டாளி ஒரெஸ்தே இரண்டு ஊரையும் நேரில் பார்த்துவிட்டுப் போக வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை. சாப்பாட்டில் குறை சொல்லத் தெரியாதவன், அவனை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ரஃபத், அவனுக்கு நம் மொழியில் மூன்று வார்த்தை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாயே, நியாயமா? தண்ணீர், நன்றி, அதற்கப்புறம் ‘இருக்கட்டும்’. யாராவது ‘இருக்கட்டும்’ என்றால் காசு வேண்டாம் என்று அர்த்தம், நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிடு என்று நீதான் சொன்னாயாம். பாதி அர்த்தத்தை மட்டும் கையில் கொடுத்து ஒரு மனிதனை எகிப்துக்குள் அவிழ்த்து விடலாமா? மீதிப் பாதியை, அதாவது அவர் இருக்கட்டும் என்பார், நீ முடியாது என்று திணிக்க வேண்டும், அவர் மறுபடியும் அதையே சொல்வார், நீ சட்டைப் பையிலாவது போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதை யார் சொல்வது?

முதலில் மன்சூரா போனோம். சலூனில் முகம் வழித்துக்கொண்டான். சலூன்காரர், “இருக்கட்டும் பாஷா, உங்க முகத்தைப் பார்த்ததே போதும்” என்றார். ஒரெஸ்தே நெஞ்சில் கை வைத்தான், நன்றி என்றான், வெளியே போய்விட்டான். சலூன்காரர் கத்தியைப் பிடித்த கையோடு வாசல் வரைக்கும் வந்து நின்றார். உன் அப்பா காசை அவர் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தார். அடுத்து கரும்புச் சாறு. “இருக்கட்டும், கடையே உங்களுது” என்றான் கடைக்காரன், ஒரெஸ்தே மனம் குளிர்ந்து இன்னொரு டம்ளர் கேட்டான். டாக்சிக்காரன் மன்சூரா வழக்கப்படி, “நபி மேல ஆணையா உங்ககிட்ட வாங்க மாட்டேன்” என்று சத்தியமே பண்ணிவிட்டான், அவனை இவன் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பின்னாலேயே உன் அப்பா பணப்பையைத் திறந்தபடி நொண்டிக்கொண்டே வந்தார். கல்யாண நாளுக்குப் பிறகு அந்தப் பை இவ்வளவு வெளிச்சம் பார்த்தது அன்றைக்குத்தான். நான், அவனிடம் சொல்லிவிடலாமே என்றேன். “என்னன்னு சொல்லச் சொல்றே? எங்க ஜனங்க வாயால ஒண்ணு சொல்வாங்க, கையால ஒண்ணு கேட்பாங்கன்னா? ஊர் மானம் என்னாகிறது, அதுவும் உங்க ஊர் மானம்” என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு ரொம்பப் பாசம் வந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. திரும்பி வரும்போது வேனில் ஒரெஸ்தே தன் போனில் ஏதோ பேசினான், போன் அதை நம் மொழியில் வாசித்தது: “மன்சூரா மிகவும் செல்வச் செழிப்பான நகரம். இங்கே எவருக்கும் பணம் தேவைப்படவில்லை. ஆனால் நம் பீட்சாவையும் இலவசமாகக் கொடுக்க நேருமோ என்று அஞ்சுகிறேன்.” வேன் முழுக்கச் சிரித்தது. உன் அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் தும்யாத். நம் ஊரில் இந்த வம்பு வராது, நம்ம ஆளுங்க வாய்ப்பேச்சிலும் சிக்கனம் என்று உன் அப்பா தைரியமாகத்தான் கூட்டிக்கொண்டு போனார். ஹாஜி ருஷ்தி, தெருக்கோடியில் தங்கப் பூச்சு நாற்காலி விற்பாரே, அவர் கடையில் சிங்கக்கால் வைத்த ஒரு நாற்காலியை ஒரெஸ்தே தடவிப் பார்த்தான். ஹாஜியும் விருந்தாளி என்று, “புடிச்சிருக்கா? எடுத்துக்கோங்க, இருக்கட்டும்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஒரெஸ்தேவுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை, நன்றி, அவ்வளவுதான், நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். ஹாஜி பின்னாலேயே ஓடினார். இவன், தூக்க ஒத்தாசைக்கு வருகிறார் என்று நினைத்து இரண்டு காலை அவரிடம் கொடுத்தான். தெரு முழுக்கக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், அவர் எப்படி வாய் திறப்பார்? அந்த வயதில் பாவம் நம் நான்கு மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினார், ஏறினதும் நடுக்கூடத்தில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். டீ கொடுத்தேன், குடித்தார். தேனில் ஊறின முஷப்பக் வைத்தேன், தின்றார். தொழுகை நேரம் வந்தது, நாற்காலியை ஒட்டியே விரிப்பைப் போட்டுத் தொழுதுவிட்டு மறுபடியும் அதிலேயே உட்கார்ந்தார். கடைசியில் உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன விலை ஹாஜி என்று கேட்டார். ஹாஜி வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? ‘இருக்கட்டும்’ என்றுதான் வந்தது. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். உன் அப்பாவும் தும்யாத்காரர்தானே, ரொம்ப நன்றி ஹாஜி என்று சொல்லக் கொஞ்சம் வாயெடுத்தார், நான் காலை மிதித்தேன். அது இடது கால் என்று மிதித்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இரண்டு சோபாவுக்கான ஸ்பாஞ்சு கொடுத்து முடித்தோம். நாற்காலியை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்களாம், அதனால் அது நம் கூடத்திலேயே சிங்கம் மாதிரி நிற்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை.

சரி, இப்போது என் கணக்கு. இந்தக் கூத்தில் நான் ஒன்று கவனித்தேன். மன்சூராவில் ‘இருக்கட்டும்’ என்பதை மூன்று தடவை சத்தியத்தோடு இழுத்து இழுத்துச் சொல்கிறார்கள், ஏனென்றால் அடுத்த கடையிலும் அதே சரக்கு இருக்கிறது, நீ அங்கே போய்விடுவாயோ என்ற பயம். பீட்சா கடையும் அப்படித்தான், பல்கலைக்கழகம் பக்கம் திரும்பின இடமெல்லாம் ஒன்று, வாடகையோ கண்ணைக் கட்டுகிறது, பிள்ளைகள் ஆறு பேர் வந்து ஒரு பீட்சா வாங்கிவிட்டு மின்விசிறிக்குக் கீழே பரீட்சைக்குப் படிப்பார்கள். தும்யாத்தில் ஒரே தடவைதான் சொல்வார்கள், சொல்லும்போதே கை நீண்டிருக்கும், உழைத்துக் காசு கேட்கிற கை. ஆனால் நம்ம ஜனங்கள் காசு கொடுத்து வெளியே தின்ன மாட்டார்கள், மாவு வீட்டில் இல்லையா, சீஸ் வீட்டில் இல்லையா என்பார்கள். ஆக உள்ளூர்க்காரனை நம்பி இரண்டு ஊரிலும் கடை போட முடியாது. இதை உன் அப்பாவிடமும் வஹீதிடமும் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், உன்னிடம் பொய் சொல்லி உன்னை வரவழைத்தால் அந்தக் கடையில் நீ நிற்கும் ஒவ்வொரு நாளும் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. ஆனாலும் ஒன்று பார்த்தேன். நம் தெருவுக்கு நாடு முழுவதிலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் நாற்காலி கட்டில் வாங்க வருகிறார்கள், பெண் வீடு ஒரு வேன், மாப்பிள்ளை வீடு ஒரு வேன். பகலெல்லாம் பேரம் பேசி, உன் அம்மாதான் கெடுத்தாள், உன் அத்தைதான் கெடுத்தாள் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, பசியோடு நடைபாதையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வீட்டு அம்மாவும் சமைக்காத ஒரு சாப்பாடு வேண்டும், யார் கைப்பக்குவம் உசத்தி என்று சண்டை வராத சாப்பாடு. நடுவில் வைத்தால் எல்லோரும் பிய்த்துத் தின்ன வேண்டும். அது பீட்சா இல்லாமல் வேறென்ன? ஹாஜி ருஷ்தி கடைக்கு எதிரே ஒரு கடை காலியாக இருக்கிறது. ஓடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், நான் இப்போது தும்யாத்காரி, ஒரே தடவைதான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ போன் பண்ணி, ஒப்பந்தம் முடியப் போகுதும்மா, வந்துடவா, இல்ல இன்னும் இருக்கட்டுமா என்று கேட்டாய். நான், “இருக்கட்டும்டா, அங்கேயே இரு, எங்களைப் பத்திக் கவலைப்படாதே” என்றேன். நீ சரிம்மா, ரொம்ப நன்றிம்மா என்று போனை வைத்துவிட்டாய். அன்று முழுக்க நான் அடுப்படியில் அந்த சலூன்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தேன், கத்திதான் இல்லை. ஒரெஸ்தே இத்தாலிக்காரன், அவனுக்கு மீதிப் பாதி தெரியாது, மன்னிக்கலாம். நீ இந்தத் தெருவில் பிறந்தவன். கை நீட்டிக்கொண்டே சொன்னேன் ரஃபத், போனில் கை தெரியவில்லை. நீ முடியாதும்மா என்று ஒரு தடவையாவது திணித்திருக்க வேண்டாமா?

அல்லாஹ் உன் கைக்கும் உன் அடுப்புக்கும் பரக்கத் கொடுக்கட்டும், நீ எந்த ஊரில் மாவு பிசைந்தாலும் அது பொங்கி வரட்டும். சீஸை உப்புத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்து வைக்காதே, காய்ந்துவிடும். காலி டின்னைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வை, அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். இவ்வளவு எழுதுவதற்குள் உன் அப்பா வந்துவிட்டார், பிடிபட்டுவிட்டேன். தன் பங்குக்கும் ஒரு வரி எழுதச் சொன்னார்: “கடைக்கு என்ன அவசரம், அவனுக்குத் தோணுறப்ப வரட்டும், அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.” எழுதிவிட்டேன். சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்தக் காலிக் கடையை மறுபடியும் அளந்து பார்க்க, அந்த முழங்காலோடு மாடிப்படி இறங்கிப் போகிறார்.

கை நீட்டியபடி,
உன் அம்மா
இன்ஷிராஹ்