முத் கிராமத்தோடு முடிகிற சாலை

இன்று மாலை எங்கள் ஈஜிபுரா தெருவில் கொசுமருந்துப் புகை அடித்தார்கள். தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு ஒருவர் வெள்ளையாகப் புகையைக் கக்கிக்கொண்டே போனார். டீசலும் மருந்தும் கலந்த அந்த நாற்றம் வீட்டுக்குள் வந்து, காயப்போட்ட துணியிலெல்லாம் ஏறிவிட்டது. ஜன்னலைச் சாத்தத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. புகை அடித்தவர் மேல் இல்லை. உன் மேல்.

எத்தனை மலை ஏறியிருப்பாய் நீ! கல் உருளும் சரிவுக்கு நேர்கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு நிலக்கடலை தின்றவள். "நகருடி, மேலே பாருடி" என்று நான் கத்த, தோலை ஊதிக்கொண்டு சிரித்தவள். அங்கெல்லாம் உனக்கு ஒரு கீறல் விழவில்லை. கடைசியில் மர்பி டவுனில், உன் வீட்டிலேயே, ஒரு கொசு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"லேசான ஜுரம்தான்டி, மாத்திரை போட்டா போயிடும்" என்றாய் போனில். ரத்தப் பரிசோதனை செய் என்றேன். பிசியோதெரபிஸ்டாக நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருப்பவளிடம் நான் இதற்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. நீயோ அடுத்த வருடம் எந்த ரோட்டில் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தாய். அந்த வாரமே உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அதன்பிறகு நீ பேசவில்லை. பேசாத உன்னை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

உனக்கு எல்லாமே லேசு. "லேசான ஏத்தம்" என்பாய். ஏறி முடிப்பதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். "லேசான தூறல்" என்பாய், ஆலங்கட்டி விழும். கப்பன் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்ட வந்த கும்பலில் நான் தமிழில் யாரிடமோ போன் பேசியதைக் கேட்டு, நீயாக வந்து ஒட்டிக்கொண்டாயே, அன்றைக்கே நான் வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கலாம். ராணிப்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்து, ஆபீஸ் உண்டு அறை உண்டு என்று இருந்தவள் நான். எனக்குச் சத்தமில்லாத ரோடு வேண்டும், அவ்வளவுதான். "அமைதியான ரோடுதானே? நான் காட்டறேன் வா" என்றாய். நம்பி, வடக்கே பனிமலைக்குள் இருக்கிற ஸ்பிதி வரைக்கும் வந்தேன்.

அமைதியாம்! நீ கூட இருக்கும்போது எங்கிருந்து அமைதி வரும்? வண்டி வராத ரோடாகத் தேடித்தேடிப் போவாய். போனதும் ஆடு மேய்ப்பவர், தார் கொதிக்க வைப்பவர் என்று கண்ணில் பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று உன் மர்பி டவுன் உருதுவில் அளப்பாய். அவர்களும் என்னவோ உன் சொந்தக்காரர்கள் மாதிரி பதில் சொல்வார்கள். எனக்கோ நாலு வார்த்தை இந்தி வராது. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு காற்றில் நடுங்கியபடி நிற்பேன்.

அந்த முதல் பயணத்தில், காஜா ஊரைத் தாண்டியதும் மற்ற வண்டிகளெல்லாம் பெரிய சாலையில் நேராகப் போக, நீ மட்டும் பாலத்தைக் கடந்து பின் என்ற நதியின் பள்ளத்தாக்குக்குள் திருப்பினாய். மேப்பைப் பார்த்தேன். முத் என்ற ஊரோடு ரோடு முடிகிறது.

"அதுக்கப்புறம் வழியே இல்லடி. போய் என்ன பண்றது?"

"திரும்பி வர்றது" என்று சொல்லிவிட்டு மிதித்தாய்.

மத்தியானம் ஓர் ஓடை ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. வெயில் ஏற ஏறப் பனி உருகித் தண்ணீர் கூடிக்கொண்டே இருந்தது. காலையில் கடக்கலாம், இப்போது திரும்புவோம் என்றேன். "லேசான தண்ணி" என்று இறங்கினாய். நடுவில் கால் வழுக்கியது. உன்னையும் சைக்கிளையும் எப்படிப் பிடித்து இழுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் இருவருடைய கம்பளித் துணிகளும் இருந்த பை கழன்றுகொண்டு போய்விட்டது. அது உருண்டு உருண்டு போனதைப் பார்த்து நீ "டாட்டா" காட்டினாய். அந்த நிமிடம் உன்னையும் பின்னாலேயே தள்ளிவிடலாமா என்று நினைத்தேன், சத்தியமாக.

குளிரில் பல் கிட்டிப்போய் முத் வந்து சேர்ந்தோம். பட்டாணி வயலில் நின்ற ஓர் அம்மா நம்மைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் உடுப்பையே எடுத்துக் கொடுத்தார். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை அவர் ஊற்ற ஊற்ற நீ "நக்கோ, நக்கோ", வேண்டாம் வேண்டாம், என்று கோப்பையைக் கையால் மூட, அந்தச் சொல்லைக் கேட்டே அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் உன்னோடு பேசவில்லை. நீதான் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாய்: "முடியற ரோடுன்னாதான்டி வீட்டுக்குள்ள கூப்பிடுவாங்க. மத்த ஊர்லல்லாம் நம்ம வழிப்போக்கருங்க. இங்க வந்தா, இவங்களப் பாக்கத்தான் வந்திருக்கோம்."

அப்போது எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது பெரிய பேச்சாகத் தெரியவில்லை. பின்பு ஒவ்வொரு வருடமும் அங்கேயே போனோம். ஒவ்வொரு வருடமும் வழியில் சண்டை போட்டோம்.

இந்த ஜூனில் நான் தனியாகப் போனேன். ஏன் என்று கேட்காதே. வீட்டில் அம்மா கேட்டார், ஆபீஸில் கேட்டார்கள், அதுவே போதும். ஓடையைக் காலையிலேயே கடந்தேன், ஒழுங்காக, பாதம் மட்டும் நனைய. பேச்சுக்கொடுக்க நீ இல்லாததால் வழியில் எங்கும் நிற்கவில்லை. நான் கேட்ட அமைதி முழுசாகக் கிடைத்தது. சனியன், எவ்வளவு நீளமான ரோடு அது!

அந்த அம்மா வாசலிலேயே இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தார். "தூஸ்ரி?" என்றார். இன்னொருத்தி எங்கே என்று கேட்கிறார். நீ பின்தங்கி யாரிடமாவது பேசிக்கொண்டு நிற்பாய் என்று நினைத்திருக்கிறார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜுரம் என்பதற்கு இந்தியில் என்ன சொல்வது, இறந்துபோனாள் என்பதை எந்தச் சொல்லால் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. இதற்கும் நீதான் பக்கத்தில் இருந்து பேசியிருக்க வேண்டும். கடைசியில் "நஹி ஆயேகி" என்றேன். வரமாட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் அவருடைய மொழியில் என்னவோ சொல்லி அழுதார். நான் தமிழில் உன்னைத் திட்டி அழுதேன். வெயில் நகர்ந்து எங்கள் மேல் வரும்வரை அங்கேயே இருந்தோம்.

கிளம்பும்போது ஒரு துணிமூட்டையை என் பையில் திணித்தார். அவர் வயலில் விளைந்த கறுப்புப் பட்டாணி. "உஸ்கி அம்மா" என்றார். உன் அம்மாவுக்காம். சரிவு முழுக்க அதன் கனம் பின்சக்கரத்தில் இழுத்துக்கொண்டே வந்தது.

மர்பி டவுனில் உன் அம்மா அதை ஊறவைத்துக் குக்கரில் போட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து கத்தினார்: "இன்னா பட்டாணிம்மா இது, எத்தினி விசில் வுட்டாலும் வேக மாட்டேங்குது! பாறையா இது?" வேகாத பட்டாணியைக் குழம்பில் போட்டு இருவரும் மென்றோம். தாடை வலித்தது. அப்போதுதான் அவர் கேட்டார், "அந்தம்மா எப்டி இருப்பாங்க?" சொன்னேன். அடுப்பு, தேநீர், நீ கையால் கோப்பையை மூடியது, எல்லாம். ஓடையை மட்டும் சொல்லவில்லை.

மறுவாரம் போனபோது உன் அம்மா ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய மாங்காய் ஊறுகாயைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். முத் அம்மாவுக்காம். "சைக்கிள்ல மலைமேல போறேன்மா. கண்ணாடி உடையும். எண்ணெய் ஒழுகும். பிளாஸ்டிக் டப்பாவுல குடுங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பிளாஸ்டிக்ல வச்சா ருசி பூடும்" என்று சொல்லிவிட்டு மூடியை இன்னும் இறுக்கினார். உங்கள் வீட்டில் யார்தான் நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள்?

ஜாடி இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைச் சுற்றி, பையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். பொல்லாத கனம். அடுத்த ஜூனுக்குள் காலில் பலம் ஏற்ற வேண்டும்.