உங்கள் கடை மூட்டையின் மேல் நின்றவன்

அன்பான ஹசன் அண்ணாச்சிக்கு,

போனை எடுத்ததும் “சாப்பாடு ஆச்சா?” என்றுதான் ஆரம்பிப்பீர்கள். இப்போது கேட்க நீங்கள் இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். ஆச்சு அண்ணாச்சி. ஆப்பமும் மீன் குழம்பும்.

உங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நாலு பேர் வாசித்தால் அதில் ஒருவர் சத்தமாவது உங்கள் காதுக்கு எட்டாதா என்றுதான் இதை எழுதுகிறேன். வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. மாலத்தீவின் தலைநகரமான மாலேயில் காய்கறி மொத்தக் கடை வைத்திருந்தீர்கள். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து அந்தக் கடைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிவருகிற தோணிக்கு நான் தண்டேல். தோணியும் ஆட்களும் பத்திரமாகக் கரை சேருவது என் பொறுப்பு.

வியாபாரத்தில் தொடங்கிய பழக்கம் ஒரு நடையில் வேறாகிவிட்டது. மாலேயில் வைத்து எனக்குக் குடல்வால் வெடித்தது. தோணி காற்றுக்கு முந்தித் திரும்பியாக வேண்டும், என்னை விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணன் என்று சொன்னீர்களாம். ஹசனுக்கு சூசை எப்படித் தம்பி என்று அவர்கள் சிரித்தார்களாம். உங்கள் வீட்டிலேயே படுக்க வைத்து, அண்ணி கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். சின்னப்பிள்ளையாக இருந்த நசீமிடம், “இவரு உன் சித்தப்பா” என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் மகன் என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள் என்று நசீம் போனில் சொன்னபோது, இங்கே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஒரு தோணியும் கிளம்ப வழியில்லை. உங்கள் வழக்கப்படி அன்றே அடக்கமும் முடிந்துவிட்டது. “சரக்கு மட்டும் கொண்டு வாங்க சித்தப்பா. அப்பா கடைசியா சொன்ன சரக்கு” என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

கடல் அடங்குவதற்குள் வேறொரு புயல் கிளம்பிவிட்டது. உங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் நாட்டு மக்களைக் கேவலமாக ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மேடையேறி அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னார். அந்த வார்த்தைகளை இங்கே எழுதி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கே நின்றாலும் அதே பேச்சு. மாலத்தீவு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்களும் பல்லைக் கடித்தார்கள்.

தோணிக்கார முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தண்டேல், இந்த நடையத் தள்ளிப்போட்டா என்ன? அங்கன போயி ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்க வீட்டுக்கு நா என்ன பதில் சொல்ல?”

“செத்த மனுசன் சொல்லி வச்ச சரக்கு மொதலாளி. அத அழுக விட்டா எனக்குச் சோறு எறங்காது” என்றேன்.

ஆட்களில் இரண்டு பேர் வரமாட்டோம் என்று நின்றுகொண்டார்கள். என் அக்கா மகன் ஜெரோம் வந்தான். தோணியில் எஞ்சின் பார்க்கிறவன், கல்யாணம் நிச்சயமாகியிருந்தவன். உங்களுக்குத் தெரியும், நீங்கள்கூட ஒருமுறை அவன் தலைமுடியைப் பார்த்துவிட்டு, “இது என்ன, சேவல் கொண்டையா?” என்று கேலி செய்தீர்கள். சரக்கு ஏற்றி முடிந்து நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் அவன் செய்த காரியம் எனக்குத் தெரியாது.

கரை மறைந்ததும் எங்கள் போன்களில் உயிர் போய்விடும். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஜெரோம் எஞ்சின் அறையில் பாடிக்கொண்டே வந்தான். நான் உங்களை நினைத்துக்கொண்டு வந்தேன். அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பது, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதே எனக்கு யோசனை.

மாலே நெருங்கும்போது, சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் ஊர்த் தோணி ஒன்று ரேடியோவில் கூப்பிட்டது.

“சூசை அண்ணாச்சி, ஒங்க தோணியத்தான் அங்கன தேடுதாவ. ஒங்க ஆளு எவனோ வீடியோ போட்டுருக்கானாம். ஊரே கொதிச்சிக் கெடக்கு. கேட்டியளா?”

எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னேன். யார் என்று கேட்டேன்.  ஜெரோம் தலையைக் குனிந்தபடி, “நாந்தான் மாமா” என்றான்.

போனில் சிக்னல் வந்ததும் பார்த்தேன். வெங்காய மூட்டைகளின் மேல் ஏறி, செருப்புக் காலோடு நின்றுகொண்டு பேசுகிறான். “எங்க வெங்காயம் வரலன்னா இவனுவளுக்குக் கொழம்புக்கே வழி இல்ல. பிச்சக்காரப் பயலுவ, இதுல வாய் வேற!” என்று சிரிக்கிறான். பின்னால் தோணியின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே உங்கள் பாஷையில் யாரோ எழுத்தைச் சேர்த்து, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள்.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன் அண்ணாச்சி. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவன் மிதித்துக்கொண்டு நின்ற சாக்கில் பச்சை மையில் வட்டமும் அதற்குள் ஒரு மீனும் இருந்தன. உங்கள் கடை அடையாளம். நீங்கள் மண்ணுக்குள் போய் ஈரம் காய்வதற்குள், உங்கள் மூட்டையின் மேல் நின்று என் அக்கா மகன் உங்களைப் பிச்சைக்காரன் என்று சொல்லியிருக்கிறான்.

“பாத்தியாலே, நீ எது மேல நிக்கேன்னு பாத்தியா?” என்றேன். பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. “எனக்குத் தெரியாது மாமா” என்றான். பொய் சொல்லவில்லை. சரக்கு யாருக்குப் போகிறது என்று அவன் யோசித்தே இருக்கவில்லை.

போலீஸ் படகு வந்து எங்களை வெளியில் நங்கூரம் போட்டு நிற்கச் சொன்னது. வெயில் ஏற ஏற வெங்காயம் வியர்த்து வாடை அடிக்கத் தொடங்கியது. மதியத்துக்கு மேல்தான் கரையணைய விட்டார்கள். படகில் வந்த அதிகாரி ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: சரக்கை இறக்கு, அந்த ஆளை மட்டும் வெளியே காட்டாதே.

ஜெரோமைத் தோணியில் சமைக்கிற குசினிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன்.

நாம் எத்தனையோ முறை டீ குடித்த அந்தக் கரையில் ஒரு கூட்டம் நின்றது. சரக்கு இறக்கும் ஆட்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் என் காலடியில் விழுந்து உருண்டது. எங்கள் மேடைப் பேச்சாளர் சொன்ன அந்த வார்த்தையை ஒருவன் தமிழிலேயே கற்றுக்கொண்டு வந்து திருப்பிக் கத்தினான். எங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எவனும் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். சொன்ன எனக்கே பயம்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நசீம் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கட்டிப்பிடிப்பான் என்று கையை விரித்தபடி இறங்கினேன். அவன் ஓரடி பின்னால் போனான்.

“தண்டேல், அந்த ஆளு எங்கே?”

சித்தப்பா இல்லை. தண்டேல்.

“நசீம், அவன் என் அக்கா மவன்யா. புத்தி கெட்டுப் பேசிட்டான்.”

“என் மக அந்த வீடியோ பாத்தா. ‘தாத்தா மூட்டை மேல யாரு நிக்கறான்?’ கேட்டா. நான் என்ன சொல்றது? அவனை வெளியே கொண்டு வாங்க.”

அதிகாரி வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் உங்கள் மகனின் கண்களையே பார்த்தேன். அடிக்க வந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஜெரோமுக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்காவிடம் என்ன சொல்வேன்? கொண்டுவராமல் போனால் உங்கள் வாசலை இனி எப்படி மிதிப்பேன்? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள்?

ஏறிப்போய்க் குசினிக் கதவைத் திறந்தேன். “வாலே. என் பக்கத்துலயே நில்லு” என்றேன்.

அவனைப் பார்த்ததும் எழுந்த இரைச்சலில் என் காது அடைத்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அதிகாரி ஆட்களைத் தடுத்து நிறுத்தினார். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். பயத்தில் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

“அவிய மொத ஏசுனாவ. அதான்...”

நசீம் அவன் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

“யாரு ஏசினது? நான் ஏசினேனா? என் அப்பா ஏசினாரா?”

 இல்லை என்று ஜெரோம் தலையை ஆட்டினான். நசீம் விடவில்லை. “வாய்ல சொல்லு.”

“இல்ல. அவரு ஏசல. நீங்களும் ஏசல” என்றான். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டான்.

நசீம் திரும்பி நின்று உங்கள் பாஷையில் கூட்டத்திடம் ஏதோ சொன்னான். வேகமாக, கோபமாகச் சொன்னான். என்ன சொன்னான் என்று பிறகுதான் ஒருவர் எனக்கு விளக்கினார். இது என் தகப்பனின் சரக்கு, இவர்கள் என் தகப்பனின் விருந்தாளிகள், எறிகிறவன் என் கடை மேல் எறிகிறான் என்று சொன்னானாம். முணுமுணுப்பு அடங்க நேரமாயிற்று. சிலர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். பலர் நின்றார்கள்.

இறக்கும் ஆட்கள் அப்போதும் தயங்கினார்கள். நசீமே தோணியில் ஏறி முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான். மறுமுனையைப் பிடிக்க ஜெரோம் ஓடினான்.

“நீ தொடாதே” என்றான் நசீம்.

நீட்டிய கையோடு ஜெரோம் நின்றான். கடைசி மூட்டை இறங்கும்வரை அதே இடத்தில்தான் நின்றான். கூட்டம் போட்ட கூச்சலைவிட அந்த ஒரு சொல்தான் அவனை அதிகமாக அடித்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். ஜெரோம் தானும் வருவதாகச் சொன்னான், ஆனால் வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றுகொண்டான். அண்ணி என்னைக் கண்டதும் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல்தானே? அழுது முடித்துவிட்டு, “சாப்பாடு” என்றார்கள். மீன் ரசமும் சோறும் வைத்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டி, யார் என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்தேன். புரிந்துவிட்டது.  எழுந்துபோய் இன்னொரு தட்டில் சோறு போட்டு, அவர்களே தெருவுக்குக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தார்கள்.  அவன் மதிலோரம் குந்தி உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

அதன் பிறகு உங்களை அடக்கிய கபருக்குப் போனேன். உள்ளே வரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது. பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்று, எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். சிலுவை போடக் கை தானாக எழுந்தது. நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று போட்டுவிட்டேன்.

இப்போதுள்ள செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர்கள் சமாதானமாகிவிட்டார்கள். இரண்டு நாட்டுத் தலைவர்களும் சிரித்துக்கொண்டு கைகுலுக்குகிற படம் வந்தது. பூங்கொத்து கொடுத்தார்கள், நூற்றாண்டுகால உறவு என்றார்கள். அந்த வார்த்தைகளைச் சொன்னவர்களைக் கேட்டால், அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்பார்கள் போல. டீக்கடையிலும் இப்போது வேறு பேச்சு. ஜெரோம் தன் வீடியோவை அன்றே அழித்துவிட்டான். அடுத்தவர் போனில் இருப்பதை அவன் எப்படி அழிக்க முடியும்? போன வாரம்கூட எவனோ அதை எடுத்துப் போட்டு, “சபாஷ் தம்பி” என்று எழுதியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அவன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

தென்மேற்குக் காற்று ஓய்ந்து தோணிகள் மறுபடி கிளம்புகிற நேரம் இது. நசீம் சரக்குச் சொல்லப் போன் செய்தான். வெங்காயம், உருளை, கொஞ்சம் முருங்கைக்காய். எல்லாம் சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.

“அவன் வாரானா?” என்று கேட்டான்.

“வாரேன்னுதான் நிக்கான். தொடாதன்னாலும் வந்து நிப்பேங்கான்.”



“சரி, வரட்டும். ஆனா நான் பேச மாட்டேன்” என்றான்.

பேச வேண்டாம் அண்ணாச்சி. வரட்டும் என்றானே, எனக்கு அது போதும். மேடையில் எவர் எதைக் கத்தினாலும் நான் சுக்கானைப் பிடிக்கும் காலம்வரை உங்கள் கடைச் சரக்கு வந்து இறங்கும். ஒவ்வொரு நடைக்கும் ஜெரோமையும் கூட்டிவந்து உங்கள் மகன் கண்ணில் படும்படி நிறுத்துவேன். இரண்டு பேரும் ஒரு மூட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடிக்கிற நாளில், மதிலுக்கு வெளியே நின்று உங்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறக்காத தம்பி,
சூசை
தூத்துக்குடி