காஸ் கப்பலில் ஒரு வீடு

ரொட்டர்டாம்
10.02.2008

அன்பின் அருந்ததிக்கு,

நீர் தை மாதம் எழுதிய கடிதம் கப்பல் முதலாளியின் கந்தோரில் எனக்காகக் காத்திருந்தது. கப்பல் ஜெர்மனிப் பக்கம் போய்த் திரும்ப இவ்வளவு நாளாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது நீர் தங்கியிருக்கும் நேசமலர் அக்கா வீட்டு விறாந்தையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று உம்முடைய குரலிலேயே தெரிந்தது. "ஓம், ஓம், சாப்பிட்டனான்" என்பதற்கு மேல் நீர் வாய் திறக்கவில்லை. அதனால் இந்தச் சந்தோஷத்தைப் போனில் வீணாக்காமல் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் ஆற்றுக் கப்பலின் டீசல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, இயற்கை வாயுவில் ஓடும் இயந்திரம் பூட்டப்போகிறார்கள். அந்த வாயுவைக் கடுமையாகக் குளிரூட்டினால் தண்ணீர்போல ஆகிவிடும். அறுநூறு குடம் வாயு ஒரு குடத்துக்குள் அடங்கும். அதை இரட்டைச் சுவர் வைத்த தாங்கியில், பிளாஸ்கில் தேத்தண்ணீர் வைப்பதுபோல, குளிர் போகாமல் வைத்திருப்பார்கள். கரியும் புகையும் இல்லை. ரைன் ஆற்றில் எங்கள் கப்பல்தான் முதலாவதாக இருக்கும் என்று முதலாளி ஹெங்க் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பயிற்சிக்கு என்னைத்தான் தெரிவு செய்தார். இத்தனை வருடமாக டீசல் மணக்கிற ஒருத்தனாகவே இந்த நாட்டில் இருந்துவிட்டேன். இப்போது என்னிடம் ஆட்கள் விளக்கம் கேட்கிறார்கள்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் உண்டு. இங்கே ஆற்றுக் கப்பல்காரர் கப்பலிலேயே குடும்பம் நடத்துவார்கள். பின்பக்கத்தில் ஒரு முழு வீடு இருக்கும். குசினி, படுக்கையறை, யன்னலுக்கு லேஸ் திரை, வெளியே பூச்சாடி. ஹெங்கும் மனைவியும் இந்தக் கோடையோடு கரைக்குப் போகிறார்கள். "நாதன், உன் மனைவி வந்தால் இந்த வீடு உங்களுக்கு" என்றார். நான் திரையைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டேன்.

நீர் விசாவுக்கான டச்சு மொழிச் சோதனையைப் பாஸ் பண்ணும். மிச்சம் என் பொறுப்பு.

உம்முடைய
கதிர்காமநாதன்


வெள்ளவத்தை
02.03.2008

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் காஸுக்கு ஒரு பக்கம், எனக்குக் கடைசியில் ஒரு மூலை. கோபமில்லை. பொறாமைதான். அவளுக்கு இரட்டைச் சுவர் வீடு, எனக்கு லேஸ் திரையா?

இங்கே நாங்கள் ஐந்து பெண்கள் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைக்கிறோம். ஐந்து பேரும் விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள். படுக்கப் போகுமுன் நேசமலர் அக்கா சிலிண்டருக்குக் கிட்டக் குனிந்து மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். "மணம் வந்தால் ஓடுங்கோ பிள்ளையள்" என்பார். ஓடி எங்கே போவது என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் காஸுக்கு மணம் உண்டா? அதற்குப் பக்கத்தில் படுத்து நித்திரை கொள்ளலாமா? வெள்ளிக்கிழமை விளக்கு எங்கே ஏற்றுவது?

டச்சுப் பாடம் நடக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். பாடம் சொல்லித் தருகிற யோசெப்பின் அக்கா முந்தி ஆம்ஸ்டர்டாமில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தவர். அவரிடம் படித்தால் காறித் துப்புவதுபோல அந்த 'ஹ' சரியாக வரும். போன கிழமை என்னை வத்தளைக்குத் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப் போய், ஒல்லாந்தர் வாய்க்கால் என்று ஒன்றைக் காட்டினார். "உன் புருசன்ட ஆக்கள் வெட்டினதுதான்" என்றார். வாய்க்காலில் ஒரு தோணி பாதி தாழ்ந்து கிடந்தது. அதில் ஒரு கொக்கு நின்றது.

ஒன்று கேட்க வேண்டும். கப்பல் நகர்ந்துகொண்டிருந்தால் எங்கள் விலாசம் என்ன? இங்கே பொலிசில் பதியாமல் ஓர் இரவு தங்க முடியாது. போன ஆனியில் லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பிய பிறகுதான் நான் இந்த வீட்டுக்கு மாறினேன் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வந்து "எங்கே இருக்கிறீர்" என்று யாராவது கேட்டால், நேற்று ஜெர்மனி, இன்று ஹொலண்ட் என்றா சொல்வது? பகிடிக்குக் கேட்கிறேன்.

குளிரில் நெஞ்சை மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

என்றும் அன்புள்ள
அருந்ததி


நைமேகன் துறையிலிருந்து
23.03.2008

அன்பின் அருந்ததிக்கு,

உம்முடைய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். நீர் சிரிக்கக் கூடாது.

எங்கள் காஸுக்கு மணமே இல்லை. குசினி காஸின் மணம் பிறகு சேர்ப்பது. ஆகவே நேசமலர் அக்காவின் மூக்கு இங்கே உதவாது. அதற்குக் கருவிகள் இருக்கின்றன, கொஞ்சம் கசிந்தாலும் கத்தும். குசினி காஸ் கசிந்தால் நிலத்தில் படிந்து கிடக்கும். இது சூடேறியதும் மேலே போய்க் காற்றில் கலந்துவிடும். குளிர்தான் பயங்கரம். ஒரு துளி பட்டாலும் தோல் வெந்ததுபோல ஆகிவிடும். பயிற்சியிலும் நான் கையுறை இல்லாமல் கிட்டப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

தாங்கிக்குள் அது எப்போதும் மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும். அவ்வளவு குளிருக்குள்ளும் கொதிப்பு. கப்பலைக் கனநாள் சும்மா நிறுத்தினால் அழுத்தம் ஏறிவிடும். அதனால் ஓடிக்கொண்டே இருப்பதுதான் இந்தக் கப்பலுக்கு நல்லது. எனக்கும் அப்படித்தான் பிடிக்கும். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு ஊர். நீர் யன்னலைத் திறந்தால் ஒருநாள் கோட்டை, ஒருநாள் திராட்சைத் தோட்டம். சும்மா இருந்த இடத்திலேயே உலகம் பார்க்கலாம்.

விளக்கு ஏற்ற முடியாது. திறந்த நெருப்புக்கு இடமில்லை. மின்சார அடுப்பு, மின்சார விளக்கு. பிள்ளையார் கோவித்துக்கொள்ள மாட்டார். விலாசத்துக்கு ஹெங்கின் கந்தோரைப் பதியலாம். எல்லாக் கப்பல்காரரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது உமக்கும் ஒரு மூலை. போன மாதம் நீர் அனுப்பிய படத்தில் மெலிந்துபோய் இருக்கிறீர். அக்காவிடம் முட்டை வாங்கித் தரச் சொல்லும். படத்தைக் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டினேன். ஹெங்க் பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவான பெண் ஏன் உனக்கு ஓம் சொன்னாள்?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

உம்முடைய
நாதன்


வெள்ளவத்தை
19.04.2008

அன்புள்ள அத்தானுக்கு,

பாஸ். போனில் சொன்னதுதான், எழுத்திலும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தூதரகத்தில் ஓர் அறைக்குள் இருத்தி போனைக் கையில் தந்தார்கள். மறுபக்கத்தில் ஆள் இல்லை, கணினி. அது ஒரு சொல் சொன்னால் நான் எதிர்ச்சொல் சொல்ல வேண்டும். பெரிது, சிறிது. இரவு, பகல். "போதல்" என்றது. "இருத்தல்" என்று நான் சத்தமாகச் சொன்னதில் கதவுக்கு வெளியே நின்ற பெண் எட்டிப் பார்த்தாள்.

யோசெப்பின் அக்கா கேக் வெட்டினார். இங்கே அக்கா வீட்டில் மற்ற நாலு பேரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அறைக்குள் போய்விட்டார்கள். அவர்களை நினைக்கப் பாவமாக இருக்கிறது.

புதுவருடம் அமைதியாகப் போனது. காலி வீதியில் ஆட்களை மறித்துப் பை பார்க்கிற சோதனை அதிகம். நான் தேவையில்லாமல் வெளியே போவதில்லை.

கப்பல் இரவிலாவது ஓரிடத்தில் நிற்குமா, அத்தான்?

அன்புள்ள
அருந்ததி


ரொட்டர்டாம்
11.05.2008

அன்பின் அருந்ததிக்கு,

ஒரு சின்ன மாற்றம். நீர் கவலைப்பட ஒன்றுமில்லை.

காஸ் கப்பலுக்கு அனுமதி வந்துவிட்டது, ஆனால் பரிசோதனைக் காலமாம். முதல் இரண்டு வருடம் வேலையாட்களைத் தவிர வேறு யாரும் கப்பலில் குடியிருக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். மனைவி, பிள்ளை ஒருவரும் இல்லை. பின்பக்க வீட்டைப் பூட்டி வைப்பார்கள். ஹெங்க் வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை.

நாங்கள் கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் ஒன்றாக இருந்தது, நான் சமாதான காலத்தில் ஊருக்கு வந்த அந்த ஒரு மாதம். இனி உம்மை இங்கே கூப்பிட்டும் ஏதோ ஒரு அறையில் தனியே விடுவதா? நான் யோசிக்கவே இல்லை. காஸ் கப்பலில் இருந்து விலகிவிட்டேன். வேறொரு முதலாளியின் டீசல் கப்பலில் இடம் கிடைத்தது. பழைய கப்பல்தான், பரவாயில்லை. பின்பக்க வீடு கொஞ்சம் சிறிது, பரவாயில்லை. இயந்திரம் கறுப்பாகக் கக்குகிறது, அதுவும் பழகினதுதான், பரவாயில்லை. கையெழுத்தும் வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீர் தடுப்பீர் என்று முதலே சொல்லவில்லை.

இதில் நெருப்புக்குத் தடையில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றலாம்.

உம்முடைய
நாதன்


வெள்ளவத்தை
30.05.2008

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எப்போதும் பக்கம் பக்கமாக வரும் காஸ் இதில் ஒரு மூச்சோடு முடிந்துவிட்டது. பரவாயில்லை என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. நான் அழுதேன். வெங்காயம் வெட்டுகிற முறை அன்று என்னுடையது, ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கப்பலில் குடியிருக்க விருப்பமில்லை. உங்கள் முதல் கடிதத்திலிருந்தே இல்லை. காஸுக்குப் பயந்தல்ல, டீசல் என்றாலும் அப்படித்தான். திரையைக் கழுவச் சொல்லிவிட்டேன் என்று எழுதிய மனுசனுக்கு அதை எப்படிச் சொல்வது? பகிடிபோலக் கேட்டுப் பார்த்தேன். விலாசம் என்ன என்றேன், இரவில் நிற்குமா என்றேன். விலாசத்துக்குக் கந்தோர் என்று எழுதினீர்கள். இரவைப் பற்றி எழுதவே இல்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு எழும்பி நடந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை, கிளிநொச்சியில் மாமி வீட்டுக் கொட்டில், திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் வாடகை வீடு, பிறகு கொழும்பில் லொட்ஜ், இப்போது அக்காவின் அறை. ஒரு இடத்திலும் நான் பையை முழுதாக அவிழ்த்ததில்லை. இப்போதும் சீலைகளில் பாதி பைக்குள்தான் கிடக்கிறது. நீங்கள் கோட்டையும் தோட்டமும் காட்ட ஆசைப்பட்டீர்கள். எனக்கு, காலையில் யன்னலைத் திறந்தால் நேற்றுப் பார்த்த மரம் அங்கேயே நிற்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவர்கள் போட்ட சட்டம் எனக்கு வாய்ப்பாகத்தான் வந்தது, அத்தான். நீங்கள் காஸ் கப்பலில் போங்கள், நான் கரையில் இருக்கிறேன், லீவு கிடைத்ததும் ஓடி வாருங்கள் என்று எழுதியிருப்பேன். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. உங்களை விட்டுத் தனியே இருக்க ஆசை என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் வந்து சேருகிற இடம் நானாக இருக்க வேண்டும் என்று ஆசை.

ஹெங்கிடம் திரும்பிப் போய்க் கேட்டுப் பாருங்கள். "மனுசி சொல்லுறா" என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

உங்கள்
அருந்ததி


நைமேகன்
29.06.2008

அன்பின் அருந்ததிக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்ததும் கோபம் வந்தது. இரண்டு ஞாயிறு போன் எடுக்காததற்கு அதுதான் காரணம். சிக்னல் இல்லை என்று பிறகு சொன்னது பொய்.

ஹெங்கிடம் கேட்டேன். நீர் சொன்னபடியே, மனுசி சொல்கிறா என்று சொல்லித்தான் கேட்டேன். நல்ல மனுசன், ஆனால் வழியில்லை. அந்த இடத்துக்கு ஒரு ஜெர்மன்காரனை எடுத்துப் பயிற்சியும் கொடுத்துவிட்டார்களாம். போன கிழமை அந்தக் கப்பல் எங்களைக் கடந்து போனது. புகையே இல்லை. நான் எங்கள் டீசல் கப்பலின் தட்டில் நின்று, வளைவில் மறையும்வரை பார்த்தேன். நெஞ்சு வலித்தது என்பதை உமக்கு ஒளிக்க மாட்டேன்.

அன்றைக்கு ஒன்று யோசித்தேன். ஒவ்வொரு ஞாயிறும் என்ன சாப்பிட்டீர் என்று கேட்டிருக்கிறேன். எங்கே இருக்க விருப்பம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உம்மையும் தாங்கிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. மன்னித்துக்கொள்ளும்.

புது முதலாளியோடு கதைத்தேன். இரண்டு கிழமை கப்பல், இரண்டு கிழமை வீடு. ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் ஆற்றுக்குக் கிட்ட, கீழ்த்தட்டில் ஒரு வீடு எடுத்திருக்கிறேன். சின்ன வீடு. சுவர்க் கடதாசி படுமோசம், நீர் வந்து மாற்றும். முன்னால் ஒரு மரம் நிற்கிறது. பெயர் தெரியாது. தான் சின்னப் பெண்ணாக இருந்தபோதும் அது அங்கேதான் நின்றது என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னார்.

விசா வர இன்னும் சில மாதம் ஆகலாம். கதவுப் பூட்டுக்கு இரண்டு திறப்புத் தந்தார்கள், ஒரே மாதிரியான இரண்டு சாவி. ஒன்றை இந்தக் கடிதத்துக்குள் வைத்து ஒட்டுகிறேன். கைப்பையில் வைத்திரும். காலி வீதியில் மறித்துப் பையைக் கொட்டி இது என்ன என்று கேட்டால், என்ர வீட்டுத் திறப்பு என்று சொல்லும்.

உம்முடைய
நாதன்