சந்தனம் துடைத்த குமிழ்கள்

என் ஆசை அண்ணாவுக்கு, வழக்கம்போல் உன்னைத் திட்டிக்கொண்டே தொடங்குகிறேன்.

இப்படியொரு பெட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாயே. குவீன்ஸ்டவுனிலிருந்து உன் சிந்தசைசரை, அந்த மின்னிசைப் பெட்டியை, டாக்சியில் ஏற்றி, கிளமெண்டியில் என் வீட்டில் இறக்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. நாற்பது வருஷப் பழசு. சூடாகவே அரைமணி நேரம். அதுவரை சுருதி நிற்காது. ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம்தான். இரண்டு கட்டையை அழுத்தினால் ஒன்று வாயை மூடிக்கொள்கிறது. இதற்காகவா அண்ணியிடம் அத்தனை பேச்சு வாங்கினாய்?

ஆனால் சூடானபின் அந்த அடித்தொண்டைச் சத்தம் வந்தது பார், மேசைமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொடுக்கும்போதே அண்ணி சொல்லியிருந்தார். "மாலா, இதுல மெமரி கிடையாது. அவரு கடைசியா வச்ச சவுண்ட், இந்தத் திருகுற நாப் எல்லாம் நிக்கிற இடத்துலதான் இருக்கு. எதையும் திருப்பிடாத. சனிக்கிழமை வந்து கேக்குறேன்." நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமலே போன அன்று காலை, சமையலறையிலிருந்து அவர் கேட்ட சத்தம். மறுபடி கேட்கத் துணிச்சல் இல்லாமல் ஆறு மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

இடையில் சரஸ்வதி பூஜை வந்தது. என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. பிள்ளைகளின் புத்தகங்களோடு உன் பெட்டியையும் சாமி முன்னால் வைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பார்க்க அழகாக இருந்தது, நானும் தடுக்கவில்லை. மறுநாள் ஆபீசிலிருந்து வந்தால் பெட்டி பளபளவென்று இருக்கிறது.

"யாருங்க துடைச்சது?"

"நான்தான். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சு, ஈரத்துணி வச்சு ஒண்ணொண்ணா திருகித் திருகித் துடைச்சேன். நல்லா க்ளீனா இருக்குல்ல?"

குமிழெல்லாம் இடம் மாறிப் போயிருந்தன. ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை நான், மடச்சி. சனிக்கிழமைக்கு இரண்டே நாள். லீவு போட்டு உட்கார்ந்து திருகினேன். விசில் வந்தது, லாரி ஹாரன் வந்தது, நீ வரவில்லை. கடைசியில் அன்று கேட்ட நினைவில் ஏதோ ஒன்றைப் பிடித்து நிறுத்தினேன்.

அண்ணி வந்தார். ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்திவிட்டு எடுக்கவே இல்லை.

"இதுதான் மாலா. அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு லா."

என் தோளில் சாய்ந்து அழுதார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தது ஆறுதலா, அண்ணா, ஏமாற்று வேலையா? நீயாவது சொல்லேன்.

நேற்று போன் செய்தார். "அந்த சவுண்ட ரெக்கார்ட் பண்ணிக் குடு மாலா. டெய்லி காலையில எழுந்ததும் கேக்கணும்." நாளைக்கு வருகிறார்.

இதற்கு மேல் என்னால் முடியாது. தினமும் காலையில் நீ என்று நினைத்து அவர் நான் வைத்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நாளை கதவைத் திறந்ததும், அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அறைந்தால் வாங்கிக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன் சத்தத்தைத் தொலைத்துவிட்ட
உன் தங்கை மாலா