அக்காவை யாரும் கேட்கவில்லை

அக்டோபர் 4

சலவைக் கடையில் இன்று ஏதோ விடுதியின் படுக்கை விரிப்புகள். மடித்து மடித்துத் தோள் கழன்றுவிட்டது. வீட்டுக்கு வந்தால், புகுந்த வீட்டிலிருந்து வந்த அக்கா இன்னும் இருக்கிறாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றவள், போகவும் இல்லை, பையைப் பிரிக்கவும் இல்லை. கையில் துணி சுற்றியிருக்கிறாள். தேநீர் கொட்டிவிட்டதாம்.

மேல்மாடியில் கண் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள். எந்நேரமும் படிப்பதால் கட்டடம் முழுக்க அவளுக்கு 'பரீட்சை' என்றே பெயர். சமயக் கல்வி படிக்கிறாள். அவளுடைய பாடப்புத்தகத்தை நான் வாசித்து, போனில் பதிவுசெய்து அனுப்ப வேண்டுமாம். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்!

"யாரும் உன்னப் பாக்க மாட்டாங்க. நானே பாக்க மாட்டேன்" என்றாள்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 6

போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசித்தேன். அப்போதுதான் குரல் வருகிறது. மனசாட்சி, கருணை, நீதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், அதன் கீழ் 'சான்று தருக'.

பரீட்சை கேட்டுவிட்டு, "கடவுள் பேரக்கூட இப்படிக் கீச்சுகீச்சுன்னு சொல்றியே, அவருக்கே கேக்காதே!" என்றாள். இனி என் பெயர் கீச்சு.

அக்டோபர் 9

அக்கா கைத்துணியை மாற்றும்போது காயத்தைப் பார்த்துவிட்டேன். தேநீர் பட்டால் அங்கங்கே சிதறியிருக்கும், வழிந்திருக்கும். இது இரண்டு பக்கமும் வளைந்து வந்து நுனியில் கூராக முடிகிறது. நாள் முழுக்க அயர்ன் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிறேன். அந்த வடிவம் எனக்குத் தெரியாதா?

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

அக்டோபர் 12

வாசித்தது: மன்னிப்பு. நீளமான பாடம். தொண்டை கட்டிக்கொண்டது.

அக்டோபர் 13

பரீட்சை மேலே வரச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"கீச்சு, நேத்து வாசிச்சு முடிச்சிட்டுப் பதிவ நிறுத்தலையா நீ?"

நிறுத்தவில்லை. போனைப் போர்வைக்குள் விட்டுவிட்டுக் காயப்போட்ட துணி எடுக்கப் போயிருக்கிறேன். அந்த நேரம் அக்காவும் அம்மாவும் அந்தக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் குரலை நானே கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பதால் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்.

பரீட்சை போட்டுக் காட்டினாள். அக்காவின் குரல்: "சட்டை மடிப்பு சரியில்லன்னு சொன்னாரும்மா. அப்புறம் என் கையப் புடிச்சு..." பிறகு அழுகை. பிறகு அம்மா: "அப்பாகிட்ட மூச்சு விடாத, அவருக்கு நெஞ்சு தாங்காது. மாப்பிள்ளை வந்து மன்னிப்பு கேப்பார். பொறுத்துக்கோ."

"நான் இதுக்கு மேல கேக்கல. அழிச்சிடவா?" என்றாள் பரீட்சை.

வேண்டாம் என்றேன். பிறகு அழித்துவிடு என்றேன். பிறகு, வேண்டாம்.

அக்டோபர் 14

அத்தான் ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துப்போக வருகிறார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாப்பிள்ளையே இறங்கி வர்றார், பாத்தியா?"

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அது அக்கா அம்மாவிடம் மட்டும் சொன்னது. அவள் வாயிலிருந்து திருடியதுபோல் ஆகாதா? திருடாமல் விட்டால் அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாளே—

பரீட்சையைக் கேட்டேன். "உண்மையச் சொல்லணும்னு ஒரு பாடம் இருக்கு, நம்பிச் சொன்னதக் காப்பாத்தணும்னு இன்னொண்ணு இருக்கு. ரெண்டும் மோதினா எதுக்கு மார்க்குன்னு எனக்கும் தெரியல, கீச்சு."

இவ்வளவு படித்தவளுக்கே தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அக்டோபர் 16

பதிவானதை அக்காவிடமே சொல்லிவிட்டேன். வெளிறிப்போனாள். என்னை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய், இரண்டு போனிலும் அழிக்கவைத்தாள்.

படியிறங்கும்போது, "போய்த்தான் ஆகணுமா?" என்றேன்.

"வேற எங்கடி போறது? நீ மடிக்கிற துணியப் போத்திக்கிட்டு ரெண்டு பேரும் தெருவுல உக்காரவா?"

சிரிக்கத்தான் சொன்னாள். அழுதுவிட்டாள்.

அக்டோபர் 17

அழித்திருக்கக் கூடாது. அழித்ததுதான் சரி.

அக்டோபர் 18

வாசித்தது: ஒப்புரவு. பிரிந்தவர்கள் மீண்டும் சேர்வது. 'மன்னிப்பை ஒருவர் தனியாகவே தரலாம். ஒப்புரவுக்கு இருவரின் சம்மதமும், தீங்கு செய்தவரிடம் மாற்றமும் வேண்டும்.' அங்கேயே நின்றுவிட்டேன். இவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி அக்கா தலையில் வைக்கிறார்கள். இதை இங்கே யாருக்கு வாசித்துக் காட்டுவது? அம்மாவுக்கா?

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதிடணும்.

அத்தான் ஒரு பை நிறையப் பழத்தோட வந்தார். "கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன் மாமா, தப்புதான்" என்றார். வார்த்தையாம்!

அப்பா உருகிவிட்டார். "சண்டை இல்லாத வீடு எது? அவ மனசுல வெச்சுக்க மாட்டா. மன்னிச்சிடுவா." அம்மா அக்காவின் பையை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன்.

"அக்காவ யாருமே கேக்கலையே."

நான்தான். கீச்சென்று வந்தது.

"என்னது?" என்றார் அப்பா. காதில் விழவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவைதான் உயிர் போயிற்று. "போறியான்னு... அக்காவக் கேளுங்கப்பா."

அத்தான் சிரித்தார். "அட, இது பேசுமா? ஊமைன்னுல்ல நெனச்சேன்."

அப்பா சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார். "என்னம்மா? போறியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கைத்துணியை அவிழ்த்தாள். "என்னைக்காவது இவர மன்னிச்சிடுவேன்ப்பா. ஆனா போக மாட்டேன்."

அப்பா அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பழப் பையை எடுத்து அத்தான் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டார்.

அக்டோபர் 20

அம்மா என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைக்கிறாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால்? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

அக்டோபர் 23

அத்தான் வீட்டிலிருந்து போன் மேல் போன். அப்பா எடுக்கவில்லை. அம்மா எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 28

அப்பா வெளியே போய்விட்டு வந்து, அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாவியை வைத்தார். நம் வீட்டுச் சாவிதான், புதிதாக வெட்டியது.

சாப்பிட்டதும் அக்கா வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு சாவியைப் போட்டுத் திறந்து பார்த்தாள். சரியாகத் திரும்பவில்லை. மறுபடி போட்டாள்.

"புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று அப்பா உள்ளேயிருந்து சொன்னார். "போகப் போகச் சரியாயிடும்."