காய்க்கும்வரை பொறுத்த மஞ்சள் பூ

கீரிப்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் யாரோ ஏற்றியிருந்த ரப்பர் ஒட்டுப்பால் மூட்டையின் வாடை குப்பென்று வந்தது. நீ இருந்திருந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலோரத்தை என்னிடமிருந்து பிடுங்கியிருப்பாய். இன்று ஜன்னலோரம் எனக்கே கிடைத்தது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

ஒரே பள்ளியில் பாடம் நடத்திய நமக்கு, விடுமுறை நாளில் காட்டுப்பூ பார்க்கப் போகும் கிறுக்கு எப்படிப் பிடித்ததோ! பறிக்கக் கூடாது, குனிந்துதான் பார்க்க வேண்டும் என்பது உன் சட்டம். கண்டதும் பெயர் சொல்லிவிடுவது என் வியாதி.

"பூவ மட்டும் பாத்துப் பேரு சொல்லப்பிடாது ஏட்டி. காய் வரட்டும்," என்பாய்.

போனில் படம் பிடித்துக் கேட்டால், அது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பெயர் சொல்லும். "அதும் ஒன்ன மாதிரிதான்," என்று சிரிப்பாய்.

கடைசியாகப் போனபோது ரப்பர் தோட்டத்து வேலியோரம் அந்த மஞ்சள் பூவைப் பார்த்தோம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. நான் காட்டுப்பயறு என்றேன், நீ கிலுகிலுப்பை என்றாய். பஸ் வரும்வரை சண்டை. காய் நீளமாகத் தொங்கினால் என் பக்கம். உப்பிப்போய், உலுக்கினால் சத்தம் கேட்டால் உன் பக்கம். "காய்க்கட்டும், ரெண்டு பேருமா வந்து பாப்போம்," என்றாய். அதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று தனியாகப் போனேன். செடி காய்த்து நின்றது. நீயே ஜெயிக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். நம் சபையில் ஒரு செடிக்காக ஜெபித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குனிந்து மெல்ல உலுக்கினேன். சத்தமே இல்லை. காய் நீளமாகவும் இல்லை. நெல்மணி அளவில், நுனி கொக்கியாக வளைந்து, என் சேலையில் ஒட்டிக்கொண்டது. நாம் இரண்டு பேரும் சொன்னது தப்பு! வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

நம் ஊரில் சொல்வதுபோல, எனக்கு உன்னைத் தேடுகிறது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பெண் கேட்டாள்: "அக்கா, சேலையில என்னமோ ஒட்டிருக்கே, என்ன காய் இது?"

வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, மறுப்புக்காகக் காத்திருந்தேன். அவள் "அப்பிடியாக்கா, சரி," என்று தலையாட்டிவிட்டாள்.

வடசேரியில் இறங்கும்போது, "இல்ல ஏட்டி," என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.