எப்படித் திருப்பினாலும் மாறாத சுற்று

மாப்ளே, எப்படி இருக்கே? அங்கே காற்றோட்டமாக இருக்கிறதா? உனக்குத்தான் வேர்த்தால் ஆகாதே. இங்கே பெரம்பலூர் பக்கம் மழை. அரியலூரில் வழக்கம்போல சிமெண்டு லாரிப் புழுதி. சரி, சொல்ல வந்தது அதுவல்ல.

நேற்று மகள் காலேஜ் வேலை என்று லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். திரையில் ஒரு கம்பிச்சுருள் எழுந்து நின்றது.

"மூணு வரிதாம்ப்பா. காஸும் சைனும் வட்டமா சுத்தும், மூணாவது வரி மேல தூக்கும்."

"தெரியும். ஒங்க மாமா சொல்லியிருக்கான்."

நீதான் சொன்னாய். உன் கம்ப்யூட்டர் கடையில் உட்காரவைத்து, "வட்டமா நடந்துகிட்டே ஏணி ஏறு மாப்ளே, அதான் சுருள்" என்றாய். பள்ளிக்கூடம் பார்க்காத எனக்கே புரிந்தது. அப்புறம் நீ படம் போட்டாய், நான் பைப்பை வளைத்தேன். சுருள் படி என்றால் ஊரில் நாம் இரண்டு பேர்தான்.

விக்கிரமங்கலத்து வீட்டை மறந்திருக்க மாட்டாய். கோயில் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் ஏற வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். உன் படத்தைப் பார்த்ததும் கேட்டேன்.

"இது இடமா சுத்துதேடா?"

"கம்ப்யூட்டர் போட்டதுடா. அப்படியே வளை."

வளைத்தேன். படியை நிறுத்திய அன்று அவர் பாதிகூட ஏறவில்லை.

"இடமா ஏறுற வூட்டுல எவன்யா பொண்ணு எடுப்பான்? அறுத்து எடுய்யா!"

நீ லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாய். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எல்லாருக்கும் காட்டினாய். சுருள் வலமாகச் சுற்றியது.

"நான் சரியாத்தான் போட்டேன் சார். இவன் தலகீழா பாத்து வளைச்சுட்டான்."

"ஊத்திக்கிட்டு வளைச்சிருப்பான்" என்றான் ஒரு கொத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குடிக்காதவன் என்று உனக்குத் தெரியும். நீயும் சிரித்தாய்.

நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். அதோடு சுருள் படி வேலையே எடுப்பதில்லை. கேட், கிரில் வேலையோடு சரி. உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோதுகூட, உன் பேரைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் அழுதேன்.

நேற்று மகள் கையிலிருந்து மவுசை வாங்கி அந்தச் சுருளைத் தலைகீழாகத் திருப்பினேன். சாய்த்தேன். அடியிலிருந்து பார்த்தேன். சுற்று மாறவே இல்லை.

"அது எப்படிப் பாத்தாலும் மாறாதுப்பா. சைனுக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டாத்தான் மாறும்."

போட்டாள். மாறிவிட்டது.

மடியில் வைத்துக் குனிந்திருந்தாயே, அப்போதுதானே அந்த மைனஸைப் போட்டாய்? தப்பு யாருக்கும் வரும். என் காதோரம் வந்து, "மாப்ளே, தப்பு எம்மேலதான், நீ ஏத்துக்க" என்றிருந்தால் சிரித்துக்கொண்டே ஏற்றிருப்பேன். நீ கேட்கவே இல்லை, எடுத்துக்கொண்டாய். இன்றைக்கும் ஒரு ஜன்னல் கம்பியை வளைக்கும் முன் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். நீ விட்டுப்போன பயம் அது.

"மாமா இருந்தா இதப் பாத்து சந்தோஷப்பட்டிருப்பாருல்ல?" என்றாள் மகள். உன்னைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பே எடுத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். உள்ளதைச் சொன்னால் அவளுக்கு மாமா இருக்க மாட்டான். சொல்லாவிட்டால் அவள் அப்பன், தலைகீழாய்ப் பார்த்தவனாகவே போய்ச் சேர்வான். அதனால் இன்றைக்கு அவளை உட்காரவைத்து...

"யப்பா, எங்க இருக்கீங்க? இங்க வாங்களேன்!"

இதோ, கூப்பிடுகிறாள் மாப்ளே. போய் அவளிடம் முதலில் அந்த விக்கிரமங்கலத்துப் படியைப் பற்றிச் சொல்கிறேன்.